பிள்ளைக்காம்பராவில் மறைவிடம் வைக்காதீர்கள்

தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்துக்கு, அதாவது எல்லோரும் சொல்லும் பிள்ளைக்காம்பராவுக்கு, பொறுப்பாக இருப்பவர்களுக்கும் அங்கே பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகும் தாய்மாருக்கும் இந்த அத்தியாயம். வலப்பனைப் பக்கம் இராகலை, உடப்புசல்லாவை, ஹல்கரனோயா மலைகளில் காலையில் பேர் பதிந்துவிட்டால், பால்கொடுக்க வந்துபோகும் நேரம் போக, பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும்வரை தாயின் கண் பிள்ளைமேல் இல்லை. கைக்குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளைவரை அந்த ஒரு கட்டடத்தை நம்பித்தான் விடப்படுகிறது. அங்கே பாலியல் துஷ்பிரயோகம் நடக்காமல் தடுக்க என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தால், "ஆயம்மா நல்ல ஆளா?" என்ற கேள்விதான் முதலில் வரும். கேட்கலாம், தவறில்லை. ஆனால் அதன் பதிலை நம்பி ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்ற முடியாது. இந்தக் கட்டடத்தில், இந்த நாளில், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு யார் கண்ணிலும் படாமல் இருக்கக்கூடிய இடம் எது, நேரம் எது? கேட்க வேண்டியது இதுதான். இதற்குப் பதில் தேடுவதும், கிடைத்த பதிலுக்கு ஏற்பக் கதவையும் நேரத்தையும் மாற்றுவதும் உங்கள் வேலை.

ஆராய்ச்சியில் நமக்கு வேண்டியது

பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் நடந்த துஷ்பிரயோகம் பற்றி இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அமெரிக்காவில் டேவிட் ஃபிங்கல்ஹோரும் அவரது குழுவினரும் செய்து 1988 இல் வெளியிட்டது. 1983 முதல் 1985 வரை முறைப்பாடு உறுதிப்பட்ட 270 நிலையங்களையும் பாதிக்கப்பட்ட 1,639 பிள்ளைகளையும் அது பார்த்தது. அதில் நமக்கு உபயோகமானவை சில. முன்பே பாலியல் குற்றத்துக்காகக் கைதாகியிருந்தவர்கள் குற்றவாளிகளில் 8 சதவீதம் மட்டுமே. ஆகவே பொலிஸ் சான்றிதழ் வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்கு மலசலகூடத்திலும் குளியலறையிலும் நடந்திருந்தன. குற்றவாளிகளில் 40 சதவீதத்தினர் பெண்கள். இந்த எண்ணைப் பார்த்துப் பெண்களை எல்லாம் சந்தேகிக்கத் தேவையில்லை: பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் அநேகமாகப் பெண்கள்தான், ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் ஆண்களின் ஆபத்தே அதிகம். ஆனால் "பொம்பிளைகள் மட்டும் இருக்கும் இடம், பயமில்லை" என்ற நம்பிக்கை அதோடு போகிறது. சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத பணியாளரின் புருஷன், மகன், தம்பி போன்றவர்களும் குற்றவாளிகளில் ஒரு பகுதியாக இருந்தார்கள். நிலையத்தின் நல்ல பெயரோ உரிமப் பத்திரமோ காவலாக இருக்கவில்லை. பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்துபோகக்கூடிய இடங்களில் ஆபத்துக் குறைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைக் காம்பராவுக்கு அனுப்பாமல் விடுவது பெரிய தவறாகிவிடும். அதே ஆய்வின் கணக்கில், பராமரிப்பு நிலையத்தில் துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்கள் 10,000 பிள்ளைகளுக்கு 5.5, ஆறு வயதுக்குக் குறைந்தவர்களில் சொந்த வீட்டுக்குள் ஆளானவர்கள் 10,000 க்கு 8.9. அமெரிக்கக் கணக்கு மலையகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பயந்துபோய் நிறுத்தப்படும் பிள்ளை இங்கே எங்கே போகும்? லயத்தில் பத்து வயது அக்காவிடமோ, வேலைக்குப் போகாத பக்கத்துக் காம்பரா ஆளிடமோதான் விடப்படும். அங்கே இடாப்பு இல்லை, வந்துபோகும் தாய்மார் இல்லை, பார்க்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை.

கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

ஒரு நாள் காலையிலும், இன்னொரு நாள் பின்னேரம் மூன்று மணிக்கு மேலும் போங்கள். மலையில் மப்புப் போட்டுப் பனிமூட்டம் இறங்கினால் காலையில் வெளிச்சமாக இருந்த பின்பக்கம் பின்னேரம் இருட்டாகிவிடும். ஒரு தடவை பார்த்து எழுதியது பாதிதான் உண்மையாக இருக்கும். தாய்மாரில் இருவர், ஆயம்மா, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் என நான்கு பேராவது சேர்ந்து போவது நல்லது. ஆயம்மாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது விசாரணை மாதிரி ஆகிவிடும், கட்டடத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவரும் அவர்தான்.

1. வெறும் தரைப்படம் ஒன்று கீறுங்கள். தொட்டில் கட்டும் அறை, சமையல் மூலை, சாமான் அறை, மலசலகூடம், கழுவும் இடம், முற்றம், பாதை எல்லாம் அதில் வரவேண்டும்.

2. ஒருவர் வாசலில் நிற்க, மற்றவர் ஒவ்வொரு இடமாகப் போய் நிற்கட்டும். வாசலில் நிற்பவருக்குத் தெரியாத இடத்துக்கெல்லாம் சிவப்புக் குறி போடுங்கள். நின்று பார்த்தால் மட்டும் போதாது, குந்தியும் பாருங்கள். ஈரத்துணி காயப்போடும் கொடி, அடுக்கிய பாய், அரைச்சுவர் எல்லாம் நிற்கும்போது மறைப்பதில்லை. பிள்ளையின் உயரத்துக்கு இறங்கினால் முழுச் சுவராகிவிடும்.

3. பழைய கட்டடங்களில் மலசலகூடம் பின்னால் தனியாக இருக்கும். அதற்குப் போகும் பாதையைத்தான் அதிக நேரம் பாருங்கள். அந்தப் பாதைக்கு வேறு எங்கிருந்தெல்லாம் வழி இருக்கிறது, பக்கத்து லயத்து ஆட்கள் அதைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறார்களா என்று எழுதுங்கள்.

4. சாமான் அறைக்குப் பூட்டு வெளியே இருக்க வேண்டும், திறப்பு ஆயம்மாவின் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

5. பெரிய பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு அரைக்கதவு போடுங்கள். பிள்ளை கூச்சப்படாத அளவுக்கு நடுப்பகுதி மறையட்டும். கூட வரும் பெரியவரின் தலையும் காலும் தெரிய வேண்டும். கைக்குழந்தைக்குத் துணி மாற்றும் மேசையை மூலையிலிருந்து எடுத்து யன்னல் பக்கம் வையுங்கள். இதற்குக் காசே தேவையில்லை.

6. கண்ணாடியைத் துணி, காலண்டர், சாமி படம் எதுவும் மறைக்கக்கூடாது. சாமி படத்துக்குச் சுவர் இருக்கிறது.

முழுப் பட்டியலையும் தூக்கிக்கொண்டு துரையிடம் போய் "எல்லாவற்றையும் திருத்துங்கள்" என்று கேட்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. "பார்ப்போம்" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். காசு தேவைப்படாததை அந்த வாரமே நீங்களே செய்யுங்கள். தச்சுவேலையும் மேசன் வேலையும் மட்டும் எழுத்தில் தோட்ட நிர்வாகத்துக்கும், 1992 முதல் தோட்ட நலன்புரி வேலைகளைக் கவனித்துவரும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் போகட்டும். பிரதியொன்றைத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஆயம்மா இருந்தால்?

சொல்வதெல்லாம் சரி, எங்கள் டிவிசனில் ஒரே ஒருவர்தான் வேலைக்கு இருக்கிறார், இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இருக்கும் தடைகளில் பெரியது இதுதான். 2010 டிசம்பரில் அம்ஸ்டர்டாமில் ஒரு குழந்தைகள் காப்பகப் பணியாளரின் குற்றங்கள் வெளியான பிறகு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது, நெதர்லாந்து அரசு 2013 ஜூலை முதல் "நான்கு கண்" விதியைச் சட்டமாக்கியது. பெயரைக் கேட்டால் எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்று தோன்றும். விதி கேட்பது அதுவல்ல. வேலை செய்பவரை இன்னொரு பெரியவர் எந்த நேரமும் பார்க்கவோ கேட்கவோ கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான். கண்ணாடிக் கதவாலும் திறந்த சமையலறையாலும் அதைச் செய்யலாம். வந்து பார்க்கும் நேரம் முன்கூட்டித் தெரியாமல் இருந்தாலும் அந்தப் பயன் கிடைக்கும்.

அந்தக் கடைசி வழிதான் நமக்குக் கைகொடுக்கும். பால்கொடுக்க வரும் தாய்மாரும், சத்துணவு சமைக்க உதவும் பெண்ணும், ஓய்வு பெற்ற பாட்டிமாரும் எப்படியும் அந்தப் பக்கம் வருவார்கள். நாளுக்கு மூன்று வருகையாவது நேரம் குறிக்காமல் இருக்கும்படி மாதர் சங்கத்தோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள். வருபவர் தனியாக எந்தப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. வந்தார், சுற்றிப் பார்த்தார், இடாப்பில் கையெழுத்துப் போட்டார், போனார். ஒரே ஆளை எல்லா நாளும் அனுப்பாதீர்கள். ஒரு மாதத்தில் அவரும் ஆயம்மாவும் தேநீர் குடித்துக் கதைபேசும் கூட்டாளிகளாகிவிடுவார்கள், பார்வை போய்விடும்.

"நம்ம ஆயம்மாவை இப்படிச் சந்தேகப்படுவதா, இருபது வருசமாகப் பிள்ளை பார்த்தவர்" என்று ஆதங்கப்படுபவர்களும் உண்டு. இந்த ஏற்பாட்டால் முதலில் பயனடைபவர் அந்த ஆயம்மாதான். தனியே, சாட்சி இல்லாமல், பத்துப் பதினைந்து பிள்ளைகளின் துணி மாற்றும் ஒருவர்மேல் யாரும் எதையும் சொல்லலாம். பார்வையில் வேலை செய்பவர்மேல் பொய்ப்பழி நிற்காது. இதை அவருக்கு முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒப்படைப்பு, வருகை, போன்

இந்த மூன்றுக்கும் தனித்தனியாக அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒப்படைப்பு இடாப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கூட்டிப்போகக்கூடிய மூன்று பெயர்களைத் தாயே சொல்லி எழுதட்டும். அந்த மூவருக்கு வெளியே, சொந்த மாமாவாக இருந்தாலும், தாய் நேரில் வந்து சொல்லாமல் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது. லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் மாமா, சித்தப்பாதான். உறவுமுறையை வைத்து ஆளை விட்டால் விதியே இருக்காது. ஆயம்மாவின் வீட்டு ஆண்கள் சாப்பாடு கொண்டுவந்தால் வாசலோடு திரும்ப வேண்டும். தண்ணீர்க்குழாய் திருத்த வருபவரும் அப்படித்தான், உள்ளே வேலை இருந்தால் பிள்ளைகள் முன்னறைக்கு வந்துவிட வேண்டும்.

போன் விசயத்தில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 2009 இல் நடந்தது பாடம். அங்கே ஒரு நேர்சரிப் பணியாளர் கைபேசிக் கமராவைப் பயன்படுத்தித்தான் குற்றம் செய்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த மீளாய்வு அறிக்கை, அவரது பேச்சும் போக்கும் சக பணியாளர்களை உறுத்தியபோதும் நேரே கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை என்று காட்டியது. எனவே பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் எல்லோருடைய போனும், வருகை தருபவருடையதும் சேர்த்து, முன்மேசையில் ஒரு பெட்டிக்குள் இருக்கட்டும். அவசரத்துக்கு அங்கேயே நின்று பேசலாம். தாய்க்கு அனுப்பப் படம் எடுப்பதும் வேண்டாம்.

ஒரு சங்கதி அடிக்கடி மறந்துபோகும். 2007 ஜனவரியில் வலப்பனையில் மண் சரிந்தது போன்ற காலங்களில் பொதுக்கட்டடம் எல்லாம் தங்குமிடமாகிவிடும். காம்பராவுக்குள் குடும்பங்கள் தங்க நேர்ந்தால், பகலில் பிள்ளை பார்க்கும் அறையைத் தனியே பிரியுங்கள், இரவில் மலசலகூடப் பாதைக்கு விளக்குப் போடுங்கள், ஒப்படைப்பு இடாப்பை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது

"நல்ல தொடுகை, கெட்ட தொடுகை" பாடம் நடத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் அநேகர். பாடசாலைப் பிள்ளைகளுக்கான இத்தகைய பாடங்கள் பற்றிய 24 சோதனைகளை ஒன்றாகப் பார்த்த 2015 ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, பிள்ளைகளின் அறிவு கூடுகிறது என்று கண்டது. அதனால் துஷ்பிரயோகம் குறைந்தது என்று காட்ட அதனிடம் சான்று இல்லை. பாடசாலைப் பிள்ளையின் கதை இது. இரண்டு வயதுப் பிள்ளை பெரியவரை எதிர்த்துத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பது நம் கடமையை அதன் தோளில் ஏற்றுவதுதான். ஆகவே சின்ன அளவில் சொல்லுங்கள்: உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் பெயர் தெரியட்டும், "அம்மாவிடம் சொல்லக்கூடாது" என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள், கட்டிப்பிடிக்க மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். இவ்வளவே போதும்.

பிள்ளை ஏதாவது சொன்னால்

அக்கறையுள்ளவர்களே அதிகம் கெடுத்துவிடும் கட்டம் இதுதான். 1983 இல் கலிபோர்னியாவின் மக்மார்ட்டின் பாலர் பள்ளியில் ஒரு முறைப்பாடு எழுந்தபோது, ஏறத்தாழ 400 பிள்ளைகளிடம் விசாரணை நடந்தது. "மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்" என்பது போன்ற கேள்விகள், சொன்னால் பாராட்டு, சொல்லாவிட்டால் ஏமாற்றம். 1990 இல் வழக்கு முடிந்தபோது ஒருவர்கூடக் குற்றவாளியாகத் தீர்ப்பாகவில்லை. ஏதாவது உண்மை இருந்திருந்தாலும் அந்தக் கேள்விகளுக்கு அடியில் அது புதைந்துபோனது. அதே முறைகளை 1998 இல் ஆய்வாளர்கள் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வகுப்புக்குக் கதை சொல்ல வந்துபோன ஒருவர்மீது நடக்காத குற்றங்களைச் சொல்லிக் கேட்டபோது, அந்த முறைகளில் கேட்கப்பட்ட பிள்ளைகள் 58 சதவீதக் கேள்விகளுக்கு "ஆமாம்" என்றார்கள். வெறுமனே தவறாக வழிநடத்தும் கேள்வி மட்டும் கேட்கப்பட்டவர்கள் 17 சதவீதத்துக்கு.

இதை வைத்துப் "பிள்ளைகள் பொய் சொல்லும்" என்று வாதாடுபவர்கள் ஆய்வைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். பொய்யைப் பிள்ளை கொண்டுவரவில்லை, பெரியவரின் கேள்வி கொண்டுவந்தது. தானாகச் சொல்ல விட்டால் சின்னப் பிள்ளையும் நம்பத்தக்க சாட்சிதான். 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்ட இடம் தருகிறது. அந்தப் பதிவுக்கு முன்னால் ஊரே கேட்டுக் கேட்டுக் குழப்பாமல் பார்ப்பது உங்கள் பங்கு.

1. முகத்தைச் சாதாரணமாக வைத்திருங்கள். அழாதீர்கள், திட்டாதீர்கள். பிள்ளை தன்மேல் கோபம் என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும்.

2. "பிறகு என்ன நடந்தது?", "அதைப் பற்றிச் சொல்லு" என்பவற்றோடு நிறுத்துங்கள். ஆளின் பெயரையோ செயலையோ நீங்கள் முதலில் எடுக்காதீர்கள்.

3. "சொன்னது நல்லது, உன்மேல் பிழை இல்லை" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள்.

4. பிள்ளை சொன்ன அதே சொல்லில், மழலையாக இருந்தாலும் திருத்தாமல், நேரத்தோடு எழுதுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதுங்கள்.

5. ஆச்சி, பெரியம்மா, தலைவர் என்று ஆள்மாற்றி மறுபடி சொல்லவைக்காதீர்கள். குறிக்கப்பட்ட ஆளிடம் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம்.

6. குளிப்பாட்டாதீர்கள், போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள். துணியைக் காகிதத்தில் சுற்றுங்கள், ஷொப்பிங் பேக்கில் ஈரம் கட்டும்.

முறைப்பாடு

1. 1929 க்கு எடுங்கள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 119.

2. முடிந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். பொலிஸுக்குப் போகாமல் நேரே அங்கே போனாலும் தவறில்லை, அங்கிருந்தே அறிவிப்பார்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்க வேண்டும். காயம் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தால் சோர்ந்துவிடாதீர்கள்: துஷ்பிரயோகம் நடந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு உடம்பில் அடையாளம் இருப்பதில்லை. "ஒன்றும் நடக்கவில்லை" என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

3. பொலிஸில் தமிழில் முறைப்பாடு கொடுக்க அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தெரிவியுங்கள். பிள்ளைக்கான உளவளத்துணையை அவர்கள் மூலம் கேட்கலாம்.

5. பிள்ளையின் பெயரை, லயத்தை, படத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

இந்த ஐந்துக்கும் முன்னால் "பேசி முடிப்போம்" என்று ஒரு குரல் கேட்கும். தோட்டத் தலைவர் சொல்வார், கோயில் கமிட்டி சொல்லும், சில வேளை பிள்ளையின் சொந்தத் தாத்தாவே சொல்வார். வெளியே தெரிந்தால் பெண்பிள்ளையின் எதிர்காலம் போய்விடும், ஒரே லயத்தில் முகத்தைப் பார்த்து வாழ வேண்டும் என்பது அவர்களின் நியாயம். அந்தப் பயத்தை ஏளனம் செய்யக்கூடாது; பத்தடிக் காம்பராவில் சுவரைப் பகிர்ந்து வாழ்பவர்களின் பயம் அது. ஆனாலும் அந்த ஏற்பாடு பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை, ஆளை அதே லயத்தில், அடுத்த பிள்ளைக்குப் பக்கத்தில் விட்டுவைக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்மேல் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்துக்கு 7 முதல் 20 வருடக் கடூழியச் சிறை. சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்கே இதில் கைவைக்க அதிகாரம் கிடையாது. கோயில் கமிட்டிக்கு எங்கிருந்து வரும்? 2006 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, தன் பொறுப்பிலுள்ள இடத்தில் சிறுவர் துஷ்பிரயோகம் நடப்பதை அறிந்தும் பொலிஸுக்குச் சொல்லாதவரும் குற்றவாளியாகிறார். நிலையப் பொறுப்பாளரும் தோட்ட நிர்வாகமும் இதைத் தெரிந்திருப்பது நல்லது. மிரட்டல் வந்தால், பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம் 2015 முதல் இருக்கிறது, 2023 இல் புதுப்பிக்கப்பட்டது. மிரட்டலையும் தனி முறைப்பாடாகக் கொடுங்கள்.

மறுநாள் காலை

முறைப்பாடு போனதும் காம்பராவை இழுத்துப் பூட்டுவது நிர்வாகத்துக்குச் சுலபம். அதற்கு விடாதீர்கள். தாய்மார் வேலைக்குப் போகத்தான் வேண்டும், பூட்டினால் பிள்ளைகள் லயங்களுக்குச் சிதறும். குறிக்கப்பட்ட ஆள், பணியாளரோ வெளியாளோ, விசாரணை முடியும்வரை அந்த வளவுக்குள் வரக்கூடாது. பணியாளர் என்றால் சம்பளம் நிற்காதபடி வேறு வேலையில் போடச் சொல்லுங்கள், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பக்கத்து டிவிசன் ஆயம்மாவைத் தற்காலிகமாகக் கேளுங்கள், முதல் இரண்டு வாரம் தாய்மாரில் ஒருவர் முறைபோட்டு உடன் இருக்கட்டும். அவர்களின் நாட்பேரை வெட்டாமல் இருக்க நிர்வாகத்தின் எழுத்து முன்கூட்டியே வேண்டும். ஒப்படைப்பு, வருகை இடாப்புகளின் மூலப்பிரதியைப் பொலிஸ் எடுத்துக்கொண்டால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அன்றே புதுக் கொப்பியில் தொடருங்கள்.